லேப்டாப் ஸ்கிரீன் போயிடுச்சா? ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா? முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆன் பண்ணினால் ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, ஆனால் ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. அல்லது குறுக்கே பச்சைக் கோடு, ஓரத்தில் மை கொட்டியது போல ஒரு கறை, மூடியை அசைத்தால் மினுக் மினுக்கென்று சிமிட்டல். லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கும் ஒருநாள் இந்தத் தலைவலி வந்தே தீரும்.

கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "டிஸ்பிளே போயிடுச்சு". அடுத்த கேள்வி, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் பதிலா புதுசு வாங்கிடலாமே?" இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஐயாயிரமா ஐம்பதாயிரமா என்ற முடிவு இருக்கிறது. ஒரே லேப்டாப்பை அண்ணன், தங்கை இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீட்டில் இது சின்ன முடிவு இல்லை.

மதுரை நகருக்குள் இருப்பவர்களுக்கு டவுன்ஹால் ரோடு, பைபாஸ் ரோடு, கே.கே.நகர், அண்ணா நகர் என்று சர்வீஸ் கடைகள் பக்கத்திலேயே உண்டு. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கு ஒவ்வொரு முறை கடைக்கு வருவதும் அரைநாள் வேலை. அதனால் பஸ் ஏறும் முன்பு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளிலிருந்து தொடங்கலாம்.

'ஸ்கிரீன் போச்சு' என்றால் எது போச்சு?

நம் கண்ணுக்கு ஒரே பொருளாகத் தெரியும் ஸ்கிரீனுக்குப் பின்னால் நான்கு பகுதிகள் இருக்கின்றன.

1. பேனல்: படத்தைக் காட்டும் கண்ணாடிப் பகுதி. பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்ப்ளே போன்ற சில நிறுவனங்கள்தான் இதைத் தயாரிக்கின்றன. லேப்டாப்பின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இவர்களுடைய பேனல்தான்.

2. பின்னொளி: பேனலுக்குப் பின்னால் எரியும் எல்இடி விளக்கு வரிசை. இது அணைந்தால் படம் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது.

3. டிஸ்பிளே கேபிள்: மதர்போர்டிலிருந்து மூடியின் கீல் வழியாக ஸ்கிரீனுக்குப் போகும் மெல்லிய வயர். தினமும் பலமுறை திறந்து மூடுவதால் மடிந்து மடிந்து தேய்வது இதுதான்.

4. மதர்போர்டு, கிராஃபிக்ஸ் சிப்: படத்தை உருவாக்கி அனுப்பும் இடம். பழுது இங்கே என்றால் ஸ்கிரீனை மாற்றினாலும் பயன் இருக்காது.

கேபிள் தேய்ந்ததற்குப் பேனலை மாற்றினால் பணம் வீண். மதர்போர்டு போனதற்குப் பேனலை மாற்றினால் இரட்டை நஷ்டம். எது பழுது என்று தெரியாமல் 'ரிப்பேரா, புதுசா' என்ற கேள்விக்கே போகக் கூடாது.

வீட்டிலேயே 10 நிமிஷ டெஸ்ட்

ஸ்க்ரூ எதையும் கழற்ற வேண்டாம். இந்த ஐந்தும் போதும்.

டார்ச் டெஸ்ட்: அறையை இருட்டாக்கி, லேப்டாப்பை ஆன் செய்து, செல்போன் டார்ச்சை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வந்துகொண்டிருக்கிறது, பின்னொளி மட்டும் எரியவில்லை என்று அர்த்தம்.

டிவி டெஸ்ட்: எச்டிஎம்ஐ கேபிளால் லேப்டாப்பை வீட்டு டிவியில் இணையுங்கள். பழைய மாடலில் விஜிஏ போர்ட் இருந்தால் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் இணைக்கலாம். படம் தானாக வராவிட்டால் விண்டோஸ் லோகோ உள்ள கீயோடு, 'ஓ' எழுத்துக்கு வலப்பக்கம் இருக்கும் பி கீயையும் சேர்த்து அழுத்துங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் மதர்போர்டும் கிராஃபிக்ஸும் பெரும்பாலும் நலம். டிவியிலும் அதே கோடு, அதே சிதறல் வந்தால் பழுது ஸ்கிரீனில் இல்லை.

மூடி டெஸ்ட்: ஆன் செய்த நிலையில் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து, இன்னொரு கோணத்தில் போனால் சந்தேகம் கேபிள் மீதும் கீல் மீதும்தான்.

ஸ்கிரீன்ஷாட் டெஸ்ட்: கோடுகள் தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைச் செல்போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். செல்போனில் கோடு இல்லை என்றால் பழுது பேனலிலோ கேபிளிலோ இருக்கிறது. செல்போனிலும் கோடு தெரிந்தால் பிரச்சினை கிராஃபிக்ஸ் பக்கமோ சாஃப்ட்வேர் பக்கமோ இருக்கலாம்.

பயாஸ் டெஸ்ட்: ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்10, டெலீட் என்று உங்கள் மாடலுக்குரிய கீயைத் தட்டினால் விண்டோஸ் வருவதற்கு முன்பே செட்டிங்ஸ் பக்கம் ஒன்று வரும். அங்கேயும் கோடு, சிமிட்டல் இருந்தால் அது ஹார்டுவேர் பழுது. அங்கே சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் சிமிட்டினால், முதலில் டிஸ்பிளே டிரைவரை மறுபடி போட்டுப் பாருங்கள். செலவே இல்லாமல் சரியாகலாம்.

விரிசல், மை கொட்டிய மாதிரி பரவும் கறுப்புக் கறை, எந்தக் கோணத்திலும் மாறாத நேர்க்கோடு ஆகியவை தெரிந்தால், டிவியில் படமும் சுத்தமாக வந்தால், அது பேனல்தான். கூட்டமான டவுன் பஸ்ஸில் பையோடு நசுங்குவது, இயர்போனைக் கீபோர்டு மேலேயே வைத்து மூடிவிடுவது, மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

சரி, எவ்வளவு ஆகும்?

கடைக்குக் கடை, மாடலுக்கு மாடல் விலை மாறும். தோராயமாக வெளிக்கடைகளில் நிலவரம் இப்படி இருக்கும்:

- டிஸ்பிளே கேபிள் மாற்ற: ரூ.500 முதல் ரூ.1,500 வரை
- 14 அல்லது 15.6 இன்ச் சாதாரண எச்டி பேனல்: ரூ.3,000 முதல் ரூ.5,000 வரை
- ஃபுல் எச்டி பேனல்: ரூ.4,500 முதல் ரூ.8,000 வரை
- டச் ஸ்கிரீன், ஓஎல்இடி, மடித்துத் திருப்பும் மாடல்கள்: ரூ.12,000-ஐத் தாண்டலாம்

நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் இதைவிடக் கூடுதலாகும். மேக்புக் போன்ற மாடல்களில் பேனலை மட்டும் தனியாக மாற்றாமல் மேல் மூடி முழுவதையும் மாற்றுவார்கள் என்பதால் செலவு பல மடங்கு ஏறும்.

வாரண்டி இருந்தால் முதலில் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் வாரண்டி தேதி தெரிந்துவிடும். தானாக வந்த கோடு, சிமிட்டல் போன்றவை வாரண்டிக்குள் வர வாய்ப்பு அதிகம். கீழே விழுந்து உடைந்தது, தண்ணீர் பட்டது ஆகியவை சாதாரண வாரண்டியில் வராது. அதற்கென்று தனியாகப் பணம் கட்டி 'ஆக்சிடென்டல் டேமேஜ்' திட்டம் எடுத்திருக்க வேண்டும். வாங்கும்போது கடைக்காரர் அதையும் சேர்த்துப் பில் போட்டிருக்கலாம், பழைய பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஸ்கிரீனை விடுங்க, மெஷினைப் பாருங்க

பழுது எது, செலவு எவ்வளவு என்று தெரிந்த பிறகும் முடிவு ஸ்கிரீனில் இல்லை. புது ஸ்கிரீன் போட்ட பிறகு அந்த லேப்டாப் இன்னும் எத்தனை வருஷம் வேலைக்கு ஆகும்? இதற்குப் பதில் சொல்ல மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை மட்டும் கிடைக்கும். விண்டோஸ் 11 ஓட வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் தேவை. பிராசஸரைப் பொறுத்தவரை இன்டெல்லில் பெரும்பாலும் 8-வது தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் ஏற்கப்படும். சுருக்கமாக, 2018-க்குப் பிறகு வந்த மாடல் என்றால் வாய்ப்பு உண்டு, அதற்கு முந்தையது என்றால் பெரும்பாலும் இல்லை.

இரண்டு, ரேம் மற்றும் ஸ்டோரேஜ். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் படிப்பு, ஆபீஸ் வேலை, ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் போதும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி மாற்றும் செலவையும் ஸ்கிரீன் செலவோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்று, உடம்பு. பேட்டரி உப்பியிருக்கிறதா? கீல் உடைந்திருக்கிறதா? சார்ஜிங் போர்ட் ஆடுகிறதா? கீல் உடைந்த நிலையில் ஸ்கிரீனை மட்டும் மாற்றினால் புதுசும் சில மாதங்களில் அதே வழியில் போகும். பேட்டரி உப்பியிருந்தால் முடிவு எதுவாக இருந்தாலும் லேப்டாப்பைச் சார்ஜில் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி அண்ணா பிறந்தநாளில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினி திட்டத்தைத் தொடங்கினார். எல்காட் மூலம் கொள்முதல் செய்யப்பட்டு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் வழங்கப்பட்டன. பல குடும்பங்களின் முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

முதல் சில ஆண்டுகளில் வந்த லேப்டாப்கள் இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. அவற்றில் விண்டோஸ் 11 ஓடாது. சந்தையில் நல்ல பேனல் வாங்கிப் போடும் செலவு, அந்த லேப்டாப்பின் இன்றைய மதிப்பைவிட அதிகமாகவே இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்துப் பேனல்களில் பலவும் 40 பின் உள்ள எல்விடிஎஸ் வகை. இப்போது பரவலாக வருவது 30 பின் உள்ள இடிபி வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பொருத்தமான பழைய பேனல் தேடினால், வேறொரு லேப்டாப்பிலிருந்து கழற்றியதே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அதற்காக அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். டிவியிலோ பழைய மானிட்டரிலோ இணைத்து, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் டைப்பிங் பழகவும் பாட வீடியோ பார்க்கவும் இன்னும் உதவும். அந்த லேப்டாப்கள் பலவற்றில் சிடாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது என்பதால் சிலருக்கு இது புதிய விஷயமும் இல்லை.

திட்டத்தின் பிற்பகுதியில் வந்த மாடல்கள் வேறு கதை. நல்ல நிலையில் இருந்து, ரூ.4,000-க்குள் ஸ்கிரீன் கிடைத்தால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

கல்லூரியில் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். உங்களுக்கு அதில் தகுதி இருக்கிறதா, எப்போது கிடைக்கும் என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடன் வாங்குவது பற்றி யோசியுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

'ரிப்பேர் செலவு புது லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு' என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆறு வருஷப் பழைய லேப்டாப்பின் ரிப்பேர் செலவைப் புதிய மாடலின் விலையோடு ஒப்பிட்டால் எந்த ரிப்பேரும் மலிவாகத்தான் தெரியும். அதைவிட மாதக் கணக்கு தெளிவானது: ஆகும் செலவை, அதன் பிறகு அந்த மெஷின் உழைக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, 2021-ல் வாங்கிய லேப்டாப். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஓடுகிறது. ஸ்கிரீன் மாற்ற ரூ.5,500. இன்னும் 2 வருஷம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் ரூ.230. அதே நேரம் ரூ.42,000-க்குப் புதுசு வாங்கி 5 வருஷம் ஓட்டினால் மாதம் ரூ.700. இங்கே ரிப்பேர்தான் சரி.

இன்னொன்று, 2015 மாடல். 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், பேட்டரி நிற்கவில்லை. ஸ்கிரீன் ரூ.4,000, எஸ்எஸ்டி, பேட்டரி எல்லாம் சேர்த்து ரூ.9,000 ஆகிறது. இன்னும் ஒரு வருஷம் தாண்டுமா என்பதே சந்தேகம். மாதம் ரூ.750. இங்கே ரிப்பேர் வேண்டாம்.

தவிர, 2025 இறுதியிலிருந்து உலக அளவில் ரேம், ஸ்டோரேஜ் சிப் விலை ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காகச் சிப்கள் அள்ளிக்கொண்டு போகப்படுவது முக்கியக் காரணம். அதன் பாரம் புதிய லேப்டாப் விலையிலும் விழுகிறது. வேலைக்கு ஆகும் நிலையில் இருக்கும் பழைய மெஷினின் மதிப்பு இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது என்றே சொல்லலாம்.

மூணாவது வழியும் இருக்கு

லேப்டாப் வீட்டு மேஜையை விட்டு நகர்வதே இல்லை என்றால், ஸ்கிரீனை மாற்றாமல் ஒரு மானிட்டர் வாங்கி இணைத்துக்கொள்ளலாம். நல்ல பேனல் போடும் செலவோடு கொஞ்சம் சேர்த்தால் பெரிய மானிட்டரே கிடைக்கும். நாளைக்குப் புது லேப்டாப் வாங்கினாலும் அது உதவும். தினமும் கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் இது சரிவராது.

ரிப்பேர் முடியும் வரை அவசரப் படிப்பு வேலைக்கு, நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பார்க் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அலுவலகம் கொடுத்த லேப்டாப்பை வெளிக்கடையில் கழற்றக் கொடுக்காதீர்கள். சொந்தச் செலவில் சரிசெய்தாலும் அது விதிமீறலாகலாம். முதலில் நிறுவனத்தின் ஐடி பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. பழுது பேனலா, கேபிளா, போர்டா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வேறு பேனலை மாட்டிக் காட்ட முடியுமா?
2. போடப்போவது புதியதா, கழற்றிய பழையதா? பழையது என்றால் விலை குறைய வேண்டும்.
3. பழைய பேனலின் பின்னால் உள்ள ஸ்டிக்கர் நம்பரும் புதியதும் ஒத்துப்போகிறதா? சைஸ், ரெசல்யூஷன், பின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். ஃபுல் எச்டி இருந்த இடத்தில் சாதாரண எச்டி போட்டுவிட்டால் எழுத்து மங்கலாகத் தெரியும்.
4. ஸ்கிரீனுக்கு எத்தனை மாத வாரண்டி? பில்லில் எழுதித் தருவீர்களா?
5. கழற்றிய பழைய பேனலைத் திருப்பித் தருவீர்களா?
6. ஸ்பேர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வர வேண்டும் என்றால் எத்தனை நாள் ஆகும்? அதுவரை லேப்டாப் கடையில் இருக்க வேண்டுமா, வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா?

பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஸ்கிரீன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க லாகின் பக்கமும் பயாஸ் பக்கமுமே போதும். கடைக்குக் கொண்டுபோகும் முன் டிவியில் இணைத்து, முக்கிய ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். திரும்ப வாங்கும்போது முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று படங்களைத் திறந்து, புள்ளி ஏதும் செத்திருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஏமாத்திட்டாங்கன்னா?

பில் முக்கியம். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆன்லைனில் வேறு ஊர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ், வாரண்டி விவரங்களுக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தையும் தொடங்கியது. அதில் இணைந்த நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்களை அங்கே பார்க்கலாம்.

பழசை என்ன செய்வது?

புதுசு வாங்குவது என்று முடிவானால் பழைய லேப்டாப்பைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அதில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. மிகப் பழைய மாடல் என்றால் பின்னொளிக் குழாயில் பாதரசமும் இருக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி அமைப்புகள் மூலமே இவை அப்புறப்படுத்தப்பட வேண்டும். புதிது வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்ச் உண்டா என்று கேளுங்கள். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முழுமையாக அழித்துவிடுங்கள். ஸ்கிரீன் மட்டும்தானே போயிருக்கிறது, உங்கள் போட்டோவும் சர்ட்டிஃபிகேட்டும் உள்ளே அப்படியே இருக்கும்.

மொத்தத்தில்...

கேபிள் பழுது என்றால் யோசிக்காமல் சரிசெய்யுங்கள். பேனல் போயிருந்து, லேப்டாப் 2018-க்குப் பிந்தையது, 8 ஜிபி ரேம் உள்ளது, உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் பேனலை மாற்றுங்கள். மதர்போர்டு பழுது, அல்லது ஸ்கிரீனோடு பேட்டரி, கீல், ஹார்டு டிஸ்க் என்று மூன்று நான்கு செலவுகள் சேர்ந்து வந்தால் அந்தப் பணத்தைப் புதுசுக்கு ஒதுக்குங்கள். எதுவானாலும், "டிஸ்பிளே போயிடுச்சு" என்று கடையில் சொன்னால், "எது போச்சு அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.